எருவும் மூடாக்கும் தாராளமாகப் போட்டும் இரண்டாம் ஆண்டில் செடி ஏன் வளராமல் நிற்கிறது?

#1 நாற்றங்கால்

வணக்கம். 10 சென்ட், அதாவது சுமார் 400 சதுர மீட்டர் காய்கறித் தோட்டம். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் நிறுத்தி இது இரண்டாம் ஆண்டு. முதலாண்டில் பயிர் நன்றாகவே வந்தது. இப்போது பாத்திக்கு ஒரு கோளாறு.

பாத்தி 1.2 மீட்டர் அகலம். அடியுரம் சதுர மீட்டருக்கு 5 கிலோ மாட்டெரு, பாதிதான் மக்கியது. மேலே 8 செ.மீ. வைக்கோல் மூடாக்கு. எரு, வைக்கோல் இரண்டும் வெளியில் வாங்கியவை.

அ) புதுப் பாத்தியில் தக்காளி, பீன்ஸ்: தளிர் இலைகள் கிண்ணம் போலக் குவிகின்றன, தக்காளி நுனி பெரணி இலை மாதிரி ஒடுங்கி முறுக்கிக்கொள்கிறது. அதே எரு போட்ட மக்காச்சோளமும் முட்டைக்கோசும் நன்றாக இருக்கின்றன.
ஆ) கீரைப் பாத்தி: மண் இறுக்கமாக இருந்ததால் மரத்தூள் கலந்து கொத்தியது. முளைத்து 20 நாளில் அடியிலைகள் வெளிறிவிட்டன.
இ) தொடர்ந்து தக்காளி வைத்த பழைய பாத்தி: உச்சிவெயிலில் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. பிடுங்கினால் வேரில் முடிச்சு.
ஈ) வெள்ளரி: இலைமேல் வெள்ளைப் பொடி.

எரு போதவில்லையா? இன்னும் ஒரு சுற்று போடலாமா?

#2 வரப்போரம்

எரு போடாதீங்க. முதல்ல கையை நிறுத்துங்க. நாலும் நாலு வேற காரணம், அதுல ரெண்டு நீங்க போட்ட பொருளாலேயே வந்திருக்கலாம்.

எந்த இலையில ஆரம்பிச்சது, எந்தப் பயிருக்கு வரல, இந்த ரெண்டையும்தான் முதல்ல பார்க்கணும். அடியிலை முதல்ல வெளுத்தா தழைச்சத்து (நைட்ரஜன்) பஞ்சம், ஏன்னா செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவித் தளிருக்கு அனுப்பும். தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை. அது செடிக்குள்ள நகராது. இலை நிறம் மாறாம வடிவம் மட்டும் கெட்டா, சத்துக் கணக்கை விட்டுட்டு வேற இடத்துல தேடணும்.

உங்க ‘அ’ பாத்தியில வடிவம்தான் கெட்டிருக்கு. மக்காச்சோளத்துக்கு ஒண்ணும் ஆகலங்கிறதுதான் எனக்குப் பெரிய துப்பு. எருவோ வைக்கோலோ களைக்கொல்லி பட்ட நிலத்திலிருந்து வந்ததான்னு விசாரிச்சீங்களா? மாடு மேஞ்ச இடத்துல அகலஇலைக் களைக்கு மருந்து தெளிச்சிருந்தாங்களா?

அப்புறம் இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில பாருங்க. வெள்ளை ஈ, இலைப்பேன், சிலந்தி எது இருக்குன்னு சொல்லுங்க.

#3 நாற்றங்கால்

இலைக்கடியில் பூச்சி இல்லை. பாத்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாச் செடியும் ஒரே மாதிரி. மேய்ச்சல் நிலத்தில் களைக்கொல்லி அடித்ததுண்டு என்று எரு கொடுத்தவர் சொல்கிறார், பெயர் தெரியாதாம்.

#4 தராசு

ஒரே மாதிரி, ஒரே நேரத்தில், பாத்தி முழுக்க என்றால் பூச்சியோ வைரஸோ வாய்ப்புக் குறைவு. அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். இது களைக்கொல்லி எச்சம் என்றே நினைக்கிறேன்.

அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்ளோரம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். புல்லைக் கொல்லாமல் அகலஇலைச் செடிகளில் பலவற்றைக் கொல்வதால் மேய்ச்சல் நிலத்திலும் தானிய வயலிலும் அடிக்கிறார்கள். மாடு தின்றால் அதன் உடலில் தங்காது, ஆனால் சிதையாமலே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறிவிடும். சாதாரணமாகக் குவித்துவைத்த எருக்குவியலில் காற்று போதாது. அங்கே சிதைவு மிக மெதுவாக நடக்கும். 2,4-டி போன்ற பழைய களைக்கொல்லிகள் மக்கும்போது பெரும்பாலும் அழிந்துவிடும், இந்தக் குடும்பம் அப்படியல்ல. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பீன்ஸ் இலை கோணிவிடும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2000-2001-ல் குளோபைரலிட் கலந்த மக்கு உரத்தால் தோட்டங்கள் கெட்டன. பிரிட்டனில் 2008-ல் அமினோபைரலிட் விற்பனையையே நிறுத்திவைத்துப் பிறகு நிபந்தனைகளோடு திரும்ப விட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் ரசாயனமே தொடாதவர்கள். வெளியில் வாங்கும் எருவைச் சோதிக்காமல் போடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆய்வுக்கூடச் சோதனை செலவு பிடிக்கும். இவ்வளவு நுண்ணிய அளவை எல்லா ஆய்வுக்கூடங்களாலும் காட்டவும் முடியாது. பீன்ஸ் விதையே நல்ல கருவி.

குவியலின் வெவ்வேறு ஆழத்தில் 10 இடத்திலிருந்து எரு எடுத்துக் கலக்கவும். அதில் 1 பங்குக்குச் சந்தேகமில்லாத மண் 1 பங்கு சேர்த்து 3 தொட்டி நிரப்பவும். அதே சுத்தமான மண் மட்டும் போட்டு இன்னும் 3 தொட்டி. தொட்டிக்கு 3 பீன்ஸ் விதை. ஒவ்வொரு தொட்டிக்கும் தனித் தட்டு வைக்கவேண்டும். ஒன்றின் வடிநீர் இன்னொன்றுக்குப் போனால் சோதனையே வீண். 3 முதல் 4 வாரம் பாருங்கள். முதலில் விரியும் ஒற்றை இலைச் சோடியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வரும் மூவிலைகளில், குறிப்பாக இரண்டாவது மூன்றாவதில்தான் குவிதலும் நரம்பு நெருக்கமும் தெரியும்.

வைக்கோலுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு வாளி நிறைய அமுக்கி வைத்து, மூழ்கத் தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரையே தொட்டிகளுக்கு ஊற்றுங்கள். எருவையும் வைக்கோலையும் ஒரே தொட்டியில் சோதித்தால் குற்றவாளி யார் என்று தெரியாது.

#5 ஊடுபயிர்

தராசு அண்ணா சொல்வது இங்கே பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு, சுருண்ட இலை எல்லாம் களைக்கொல்லி என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டு படகு போல் ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, அடிப்பக்கம் செம்புநிறம் தட்டினால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்காவது பெருக்கிப் பார்க்கவேண்டும். தக்காளியில் இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி குட்டையாகி, பக்கத்துச் செடி தேறியிருந்தால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸ். அந்தச் செடிக்கு மருந்து இல்லை, பிடுங்கிவிட வேண்டியதுதான். அடியிலைகள் மட்டும் உள்நோக்கிச் சுருண்டு தடித்திருந்தால் வெப்பமும் நீர் ஏற்றத்தாழ்வும். அதற்குப் பதற்றமே வேண்டாம்.

பிசகாத அடையாளம் ஒன்று உண்டு. தக்காளி, பீன்ஸ், சூரியகாந்தி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் ஒரே நேரத்தில் கோணி, பக்கத்தில் புல் வகைகள் தளதளவென்று நின்றால் அது களைக்கொல்லிதான். எந்த வைரஸும் அப்படிப் பொறுக்கி எடுக்காது.

#6 நாற்றங்கால்

சோதனை வைக்கிறேன். எச்சம் உறுதியானால் அந்தப் பாத்தியை என்ன செய்வது?

#7 தராசு

மூடாக்கு வைக்கோலை முழுவதும் வாரி எடுங்கள். மக்குக் குழியில் போடவேண்டாம், போட்டால் அடுத்த ஆண்டு எல்லாப் பாத்திக்கும் நீங்களே பரப்புவீர்கள். காய்கறி வைக்காத புல்தரையில் மெல்லியதாகப் பரப்பிவிடுவது நல்லது.

மண்ணில் கலந்த எருவைப் பிரிக்க முடியாது. சிதைக்கவேண்டியவை நுண்ணுயிர்கள், அவற்றுக்குக் காற்று, ஈரம், வெதுவெதுப்பு மூன்றும் தேவை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 15 செ.மீ. ஆழம் கொத்திப் புரட்டி, பிடித்தால் உருண்டை ஆகும் அளவு ஈரம் வைத்திருங்கள். கொத்தாமல் வளர்க்கும் முறையை நான் ஆதரிப்பவன், ஆனாலும் இந்த ஒரு சூழலில் புரட்டத்தான் வேண்டும். காயவிட்டால் சிதைவு நின்றுவிடும்.

இடைக்காலத்தில் மக்காச்சோளம் போன்ற புல்வகை வைக்கலாம். அதன் தட்டையை அந்தப் பாத்தியிலேயே நறுக்கிப் போடுங்கள், பொதுக் குவியலுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாத்தியின் நாலு மூலையிலும் நடுவிலும் பீன்ஸ் ஊன்றிப் பாருங்கள். ஐந்தும் நேராக வந்தால் தக்காளி வைக்கலாம். சில பாத்திகள் ஒரு பருவத்தில் தேறும், சிலவற்றுக்கு அடுத்த ஆண்டும் ஆகும்.

#8 மண்வெட்டி

கீரைப் பாத்திக்கு வருகிறேன். மரத்தூளை மேலே பரப்பியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. கொத்தி உள்ளே விட்டதுதான் தவறு.

மரத்தூளில் 1 பங்கு தழைச்சத்துக்கு 400 பங்கு கரி (கார்பன்). அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடலைக் கட்டத் தழைச்சத்து வேண்டும். தூளில் கிடைக்காததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. போட்டியில் வேர் தோற்கும். மேலே கிடக்கும் தூளில் இந்தப் போட்டி மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். சத்து எங்கும் போய்விடவில்லை, நுண்ணுயிர்கள் செத்து மக்கும்போது திரும்பக் கிடைக்கும். ஆனால் கீரை அதுவரை காத்திருக்காது.

பழைய கணக்கு ஒன்று உண்டு: 100 கிலோ மரத்தூளுக்குச் சுமார் 1 கிலோ தழைச்சத்து. நீங்கள் 10 கிலோ போட்டிருந்தால் 100 கிராம் தழைச்சத்து கடன். வேப்பம்புண்ணாக்கில் ஏறத்தாழ 5 சதவீதம் என்று வைத்தால் 2 கிலோ. தூளாக்கி, வரிசைகளுக்கு நடுவே 3 செ.மீ. ஆழத்தில் கிளறி நீர் விடுங்கள். செடியின் தண்டை ஒட்டிப் போடாதீர்கள்.

உடனடித் தேற்றத்துக்கு 1 லிட்டர் மாட்டு மூத்திரத்தை 10 லிட்டர் நீரில் கலந்து மண்ணில் ஊற்றலாம், வாரம் ஒருமுறை. இலைமேல் வேண்டாம். கீரையை இலையாகவே அறுக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. நியாயமாகச் சொன்னால், இப்போதிருக்கும் கீரையை அறுத்துவிட்டு அந்தப் பாத்தியில் ஒரு பயறுவகைப் பயிர் வைப்பது இதைவிட மலிவான வழி.

#9 வரப்போரம்

அந்த எருவும் பாதி மக்கினதுன்னு சொன்னாங்க. அதையும் பேசிடணும். வெளியிலிருந்து வாங்குறதைக் குறைச்சு நல்ல மக்கு நாமே செஞ்சா மேலே சொன்ன பாதித் தொல்லை இல்லை.

குவியல் 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது. சின்னதா இருந்தா சூடு வெளியே ஓடிடும். ரெண்டு மீட்டருக்கு மேல உயர்ந்தா நடுவுல காத்துப் போகாது.

எடைக்கணக்கு: காய்ஞ்ச வைக்கோல் 10 கிலோ, பச்சைச் சாணம் 50 கிலோ, பச்சைத் தழை 10 கிலோ. வைக்கோல்ல 80-க்கு 1, சாணத்துல 20-க்கு 1, தழையில 15-க்கு 1ன்னு கரி, தழைச்சத்து விகிதம் வச்சு, ஈரத்தைக் கழிச்சுப் போட்டா மொத்தம் 29-க்கு 1 வரும். 25-லிருந்து 30 வரை நல்லது. இது விகிதம்தான், குவியல் 1 மீட்டர் உயரம் வர்ற வரைக்கும் இதே விகிதத்துல அடுக்கிக்கிட்டே போகணும். அடியில 15 செ.மீ. தடிமன்ல குச்சி, தட்டை. அதுதான் கீழிருந்து காத்து வர்ற வழி.

ஈரம்: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிஞ்சா விரலிடுக்குல ரெண்டு மூணு சொட்டு வரணும். ஒழுகினா அதிகம், உதிர்ந்தா குறைவு.

ரெண்டு மூணு நாள்ல நடுச்சூடு 55 டிகிரியைத் தாண்டணும். கம்பி வெப்பமானி இல்லைன்னா ஒரு இரும்புக் கம்பியை நடுவுல சொருகி, பத்து நிமிஷம் கழிச்சு உருவிப் பிடிங்க. கையில வச்சிருக்க முடியாத சூடு இருந்தா சரி. 65-க்கு மேல போனா நல்ல நுண்ணுயிரும் செத்துப்போகும், உடனே புரட்டுங்க. களைவிதையும் நோய்க்கிருமியும் சாகணும்னா அமெரிக்க இயற்கை வேளாண் விதி சொல்ற கணக்கு பாதுகாப்பானது: வரிசைக் குவியல்னா (நீளவாக்குல போடுறது) 55 டிகிரிக்குக் குறையாம 15 நாள், அதுக்குள்ள குறைஞ்சது அஞ்சு புரட்டல். புரட்டும்போது வெளிப்பக்கம் இருந்தது உள்ளே போகணும், இல்லைன்னா ஓரத்துல இருக்கிற விதை சூடே படாமத் தப்பிச்சிடும்.

மூக்கை எரிக்கிற அமோனியா நாத்தம் வந்தா தழைச்சத்து காத்துல போகுதுன்னு அர்த்தம், வைக்கோல் சேருங்க. அழுகின முட்டை நாத்தம் வந்தா காத்து இல்லை, குச்சி கலந்து புரட்டுங்க. நாத்தமும் இல்லை சூடும் இல்லைன்னா பெரும்பாலும் வறட்சி. அதையும் சரி பண்ணி எழலைன்னா சாணம் போதலை.

முடிஞ்சதுக்கு அடையாளம்: புரட்டி நனைச்ச பிறகும் சூடு ஏறாது. அப்புறம் ஒரு மாசமாவது ஆறவிடுங்க. இந்தப் பொறுமையைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

மக்காத சாணத்தை நேரா நிலத்துல விட்டா, அதே அமெரிக்க விதிப்படி மண்ணைத் தொடுற காய், கீரை, கிழங்குக்கு அறுவடைக்கு 120 நாள் முன்னாடி, மத்ததுக்கு 90 நாள் முன்னாடி. கீரை ஒரு மாசப் பயிர், அதனால கீரைக்கு மக்காத சாணம் கிடையாது. சாணம் கரைச்சுப் புளிக்கவச்ச எந்தக் கரைசலையும் அறுக்கப்போற இலைமேல தெளிக்கிறதை நான் ஒப்புக்கமாட்டேன்.

#10 ஈரமண்

வேர் முடிச்சுப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதலில் அது நூற்புழுதானா (வேருக்குள் நுழையும் நுண்ணிய புழு) என்று உறுதிசெய்யுங்கள்.

பயறுவகை வேரில் வரும் நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் கழன்றுவிடும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. வேரைக் கிழிக்காமல் அதை எடுக்க முடியாது. தக்காளியில் நல்ல முடிச்சுக்கே இடமில்லை என்பதால் உங்களுக்குச் சந்தேகம் குறைவு.

மதியம் வாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பாக்டீரியா வாடல். தண்டின் அடிப்பகுதியில் 5 செ.மீ. துண்டு வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் அசையாமல் தொங்கவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் பாக்டீரியா. அப்படியானால் அந்தப் பாத்தியில் கத்தரி, மிளகாய், தக்காளி, உருளை எதுவும் சில ஆண்டுகளுக்கு வேண்டாம்.

நூற்புழுதான் என்றால் ஒரே அடியில் தீர்க்கும் வழி இல்லை, எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. செண்டுமல்லி நடச்சொல்வார்கள், தக்காளிக்கு நடுவே நாலு செடி வைத்துவிட்டுப் பலன் இல்லை என்பார்கள். நாலு செடி போதாது. சிறுபூ வகை (டாஜெட்டஸ் பேட்டுலா) 15-20 செ.மீ. இடைவெளியில் பாத்தி முழுக்க அடர்த்தியாக இரண்டு மூன்று மாதம் நிற்கவேண்டும். வேரைத் தேடி வரும் புழு உள்ளே போய்த்தான் சாகிறது, ஆகையால் வேர் எல்லா இடத்திலும் இருக்கவேண்டும். களையும் இருக்கக்கூடாது, பல களைகள் நூற்புழுவுக்குச் சோறு போடும். சணப்பை என்ற பசுந்தாள் பயிரும் இதே வேலையைச் செய்யும், கூடவே தழைச்சத்தும் தரும். 400 சதுர மீட்டருக்கு 1 முதல் 1.5 கிலோ விதை, பூக்கத் தொடங்கும் 45-50-ஆம் நாளில் மடக்கி உழுது, இரண்டு மூன்று வாரம் கழித்து நடவு. உடனே நட்டால் அழுகும் தழையின் சூட்டிலும் பூஞ்சையிலும் நாற்று சாகும்.

கோடையில் நிலம் சும்மா கிடந்தால் பாத்தியை நன்றாக நனைத்து, 25-50 மைக்ரான் நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து 4-6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அந்தத் தாள்தான் சூடாகுமே தவிர மண்ணை அவ்வளவாகச் சூடாக்காது. மேல் 15 செ.மீ. தேறும். அடியிலிருந்து புழு மெல்ல ஏறி வரும், எனவே அதன்பின் முதல் பயிர் வெங்காயம் போல அவ்வளவாகப் பிடிக்காததாக இருக்கட்டும்.

எதிர்ப்புள்ள தக்காளி ரகம் வாங்கினால் ஒன்று கவனியுங்கள். அந்த எதிர்ப்பு மண்சூடு 28 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்யாது. மூடாக்கு போட்டு மண்ணைக் குளிர்த்தினால்தான் ரகத்தின் பலன் கிடைக்கும்.

#11 நாற்றங்கால்

மூடாக்குக்கு வைக்கோல் வேண்டாம் என்றால் வேறு எது?

#12 ஈரமண்

உங்கள் நிலத்தில் விளைந்த எதுவும். காய்ந்த சருகு, விதை கட்டாத களை, பயறுத் தட்டை. 8-10 செ.மீ. தடிமன், தண்டைச் சுற்றி 5 செ.மீ. விட்டுவிட்டு. மழைக்காலத்தில் நத்தை பெருகினால் பாதியாக மெலிதாக்குங்கள். சொட்டுநீர்க் குழாய் மூடாக்குக்கு அடியில் போகட்டும். மேலே போட்டால் பாதி நீர் சருகிலேயே நின்றுவிடும்.

#13 தராசு

‘இன்னும் எரு போடலாமா’ என்ற முதல் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. நிலத்தை நேசிப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு அதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

சதுர மீட்டருக்கு 5 கிலோ என்பது ஹெக்டேருக்கு 50 டன். அது ஏற்கெனவே தாராளம். எருவில் தழைச்சத்து மெதுவாகக் கிடைக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஒப்பீட்டில் அதிகம். தழைச்சத்துக்குப் போதுமென்று எருவைக் கூட்டிக்கொண்டே போனால், பயிர் எடுப்பதைவிடப் பல மடங்கு மணிச்சத்து மண்ணில் சேரும். அது தழைச்சத்து மாதிரி கரைந்து போகாது, தங்கிவிடும். மிகுந்தால் துத்தநாகமும் இரும்பும் கிடைக்காமல் தளிர் வெளிறும், வேரோடு கூட்டு வாழும் பூஞ்சையும் குறைந்துபோகும். பார்ப்பவர் ‘சத்து போதவில்லை’ என்று இன்னும் எரு போடுவார்.

மண் ஆய்வு செய்யுங்கள். 400 சதுர மீட்டரில் கோணல்மாணலாக 10 இடம். மேல்குப்பையை ஒதுக்கி ‘வி’ வடிவத்தில் 15 செ.மீ. குழி வெட்டி, பக்கச்சுவரிலிருந்து 2 செ.மீ. தடிமனில் மேலிருந்து கீழாகச் சீவி எடுக்கவும். கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்பங்குகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை திரும்பச் செய்யவும். நிழலில் உலர்த்தவும். எருக்குழி ஓரம், வரப்பு, மரநிழல் வேண்டாம். சுருட்டை வந்த பாத்தியைத் தனி மாதிரியாக அனுப்புங்கள்.

மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்தால் இரண்டு மூன்று ஆண்டு எருவைப் பாதிக்கும் கீழே குறைத்து, தழைச்சத்தைப் பசுந்தாள் பயிரிலிருந்து எடுங்கள். அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துவரும், மணிச்சத்தைக் கூட்டாது. கார அமில நிலை தெரியாமல் சுண்ணாம்பும் போடாதீர்கள்.

கூடவே ஒன்று. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் முட்டையோட்டைத் தூளாக்கிப் போடச்சொல்வார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருக்கும். நீர் ஒருநாள் வறண்டு ஒருநாள் வெள்ளமாக இருப்பதால் அது காய்வரை போய்ச் சேர்வதில்லை. ஓடு கரைய ஆண்டுகள் ஆகும், காரமண்ணில் கரையவே கரையாது. பாய்ச்சலைச் சீராக்குங்கள்.

#14 ஊடுபயிர்

வெள்ளரிக்கு: வெள்ளைப் பொடி இலையின் மேல்பக்கம், விரலால் துடைத்தால் போகிறது என்றால் சாம்பல் நோய். மேலே நரம்புகளுக்குள் அடைபட்ட மஞ்சள் கட்டம், அடியில் ஊதாச் சாம்பல் பூச்சு என்றால் அடிச்சாம்பல் நோய். கீழே சொல்வது அதற்கு உதவாது.

சாம்பல் நோய்க்கு இலை நனைந்திருக்கவேண்டும் என்பதில்லை, காற்றின் ஈரமே போதும். நெருக்கமாகப் படரவிட்டால் வரும். அடியில் முதிர்ந்த நாலைந்து இலையைக் கிள்ளி எடுத்துக் காற்று விடுங்கள். பாலை 1-க்கு 9 நீர் கலந்து வாரம் ஒருமுறை காலையில் இருபுறமும் நனையத் தெளிக்கலாம். 1999-ல் பிரேசிலில் சீமைச்சுரையில் பசுமைக்குடிலுக்குள் செய்த ஆய்வில் இந்த அளவு பலன் தந்தது. நோய் பாதி இலையை மூடிய பிறகு தெளித்தால் எதுவும் கேட்காது, முதல் புள்ளியிலேயே தொடங்கவேண்டும். பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம் இன்னும் வலுவானது. சமையல் சோடா வேண்டாம், சோடியம் மண்ணில் சேரும். நனையும் கந்தகம் 2 கிராம் போடலாம், ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் இலை கருகும், வெள்ளரி வகைகளில் சில ரகம் அதற்குக் கீழேயே கருகும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தொடக்கூடாது.

எண்ணெய் என்றதும் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மி.லி., திரவ சோப்பு 1-2 மி.லி. முதலில் சோப்பையும் எண்ணெயையும் பால் போலக் கலந்து, பிறகுதான் நீர். நேராக நீரில் ஊற்றினால் எண்ணெய் மிதந்து, ஒரு செடிக்கு வெறும் நீரும் இன்னொன்றுக்கு வெறும் எண்ணெயும் போகும், அந்தச் செடி கருகும். உப்புநீர், கடினநீர் என்றால் சோப்பு திரிந்து தயிர் போல் ஆகும், மழைநீர் பயன்படுத்துங்கள். சாயங்காலம் தெளிக்கவேண்டும், வெயிலில் அதன் சத்து சில நாளில் சிதைந்துவிடும். பூச்சியைத் தொட்டவுடன் கொல்வதல்ல இது. தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்யும். பெரிய புழுவுக்குப் பலன் குறைவு, அதைக் கையால் பொறுக்குவதுதான் வேகம்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தும் சின்னப் புழுவுக்குத்தான், அதுவும் இலையைத் தின்றால்தான். காய்க்குள் நுழைந்துவிட்ட புழுவை அது தொடாது. முட்டை பொரிக்கும் நேரத்தை இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழுவதை வைத்துக் கணித்து, அடுத்த சில நாளில் தெளிக்கவேண்டும். கலந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

#15 நாற்றங்கால்

எல்லோருக்கும் நன்றி. இப்படித் திட்டம் போட்டிருக்கிறேன்: எரு நிறுத்தம். வைக்கோல் வெளியேற்றம். ஆறு தொட்டி பீன்ஸ் சோதனை. கீரை அறுத்துப் பயறு. பழைய தக்காளிப் பாத்தியில் சணப்பை, பிறகு வெங்காயம். வெள்ளரிக்குக் கிள்ளலும் பாலும். மண் மாதிரி நாளை.

#16 வரப்போரம்

ரெண்டு திருத்தம்.

ஆறு தொட்டி போதாது. எருவுக்கு 3, வைக்கோல் நீருக்கு 3, சுத்த மண்ணுக்கு 3, ஆக 9. சுத்த மண் தொட்டியிலேயே இலை கோணினா விதையோ நீரோ கோளாறுன்னு தெரியும், அதுக்குத்தான் அது.

சணப்பை பயறுவகை. களைக்கொல்லி எச்சம் அந்தப் பாத்தியிலயும் இருந்தா முதல்ல அடிபடுறது அதுதான். பழைய தக்காளிப் பாத்திக்கும் இந்த வருஷ எரு போட்டீங்களான்னு சொல்லலை. போட்டிருந்தா சணப்பை விதைக்கிறதுக்கு முன்னாடி அங்கேயும் அஞ்சு பீன்ஸ் ஊன்றிப் பாருங்க. கோணினா அங்கேயும் முதல்ல மக்காச்சோளம்தான், ஆனா சில நூற்புழு மக்காச்சோள வேர்லயும் பிழைக்கும். அதனால வேரோட பிடுங்கி முடிச்சு இருக்கான்னு பார்த்துட்டு மேல போங்க.

#17 ஈரமண்

சரியான திருத்தம். அப்படியானால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் நிறமற்ற தாள் போட்டு வெயிலில் மண்ணைச் சூடாக்குங்கள், அப்போது நூற்புழு குறையும். பிறகு பீன்ஸ். அது நேராக வந்தால் சணப்பை. தாளுக்கு அடியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணில் சூடு இறங்காது. மண் மாதிரியைத் தாள் விரிக்கும் முன்பே எடுத்து, பையின்மேல் பாத்தியின் பெயரும் தேதியும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.